கும்பிட மறுப்பதற்கும் கதவு திறந்திருக்க வேண்டும்



மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் நுழைவு, திருவிழாவில் பங்கு என்று பேசப் போகும்போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "சாமியே இல்லைன்னு சொல்றவுகளுக்குக் கோயில் எதுக்கு?" ஆதிக்க சாதிக்காரர் கேட்கும்போது அது நம்மை மடக்குவதற்கான கேள்வி. அதிகாரி கேட்கும்போது மனுவைத் தள்ளிவைக்க ஒரு சாக்கு. நம் சேரிப் பெரியவரே கேட்கும்போது அது உண்மையான கவலை. அடி வாங்கி, வழக்கு நடத்தி, கதவைத் திறக்கவைத்த பிறகு நம் பிள்ளைகளே வாசலில் நின்றுகொண்டால் பட்ட பாட்டுக்கு என்ன பொருள் என்று அவர் நினைக்கிறார். மற்ற இருவருக்கும் பதில் சொல்லாமல் போகலாம். பெரியவருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் இந்த மண்ணின் நூறாண்டு வரலாற்றில் கிடக்கிறது.

கோயிலில் இருப்பது சாமி மட்டுமல்ல

மதுரைச் சமவெளியில் ஊரின் வரவு செலவு பேசப்படும் இடம் கோயில். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குவது, யாரிடம் வாங்கக் கூடாது என்பதில்தான் யார் ஊர்க்காரர் என்பது முடிவாகிறது. கண்மாய் மீன் ஏலம், கோயில் நிலத்தின் குத்தகை, தேர்வடம் பிடிக்கும் உரிமை, முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போகும் என்பது, முதல் மரியாதை யாருக்கு என்பது எல்லாம் அந்த வாசலில் தீர்மானமாகின்றன. நம்மிடம் வரி வாங்க மறுக்கும் ஊர், பறையடிக்க மட்டும் ஆள் அனுப்பச் சொல்லும். நம் உழைப்பு கோயிலுக்கு வேண்டும், நம் பங்கு வேண்டாம்.

இப்படிப்பட்ட ஊரில் ஆதிக்க சாதி இளைஞர் ஒருவர் நாத்திகர் ஆனால் என்ன நடக்கும்? வீட்டில் கொஞ்சம் சத்தம் போடுவார்கள். அவர் கோயிலுக்குப் போகாவிட்டாலும் அவர் குடும்பத்தின் பெயர் வரிப் பட்டியலில் இருக்கும். வீட்டுக்கு வரவேண்டிய மரியாதை அண்ணன் தம்பிக்கு வந்து சேரும். அவர் உள்ளே இருந்து வெளியே வந்தவர். நினைத்தால் திரும்பிப் போகலாம்.

நம் வீட்டுப் பிள்ளை நாத்திகர் ஆனால் கதை வேறு. அவர் ஏற்கனவே வெளியே நிறுத்தப்பட்டவர். அவர் "எனக்குச் சாமி வேண்டாம்" என்று சொன்னால் ஊர் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளும். தடுக்கப்பட்டதால் வாசலில் நிற்பவரும் நம்பாததால் வாசலில் நிற்பவரும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான். மறுப்பு மறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் முதலில் உரிமை இருக்க வேண்டும். நுழைய முடியாத இடத்தைப் புறக்கணிக்க யாராலும் முடியாது. சுயமரியாதைக்காரர்கள் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தார்கள்.

கமுதி வழக்கிலிருந்து பேருந்துச் சீட்டு வரை

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரைச் சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு நுழைய உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் அங்கும் அதே தீர்ப்பு. ஒரு சமூகம் சாமி கும்பிடப் போனதால் சாமிக்குத் தீட்டு என்பதை வெள்ளைக்காரன் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது பட்டிவீரன்பட்டியில் ஒரு பதினைந்து வயதுப் பையன் இருந்தார். அன்றைய மதுரை மாவட்டத்து ஊர் அது. பின்னாளில் ஊ.பு.அ. சௌந்திரபாண்டியனார் என்று அறியப்பட்டவர் அவர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சாதிப் பட்டத்தை விடுவது, கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே தரகரை ஏற்காமலிருப்பது, கோயில் சடங்குகளுக்குக் காசு செலவழிக்காமலிருப்பது என்றெல்லாம் தீர்மானம் போட்ட மாநாடு அது.

அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது தனியார் பேருந்துகளில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மாட்டார்கள். ஏற்ற மறுக்கும் முதலாளிகளின் உரிமத்தை ரத்து செய்வதாக அவர் உத்தரவு போட்டார். நாங்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வது ஒரு காரணத்துக்காக. கோயிலால் தள்ளப்பட்ட சமூகத்தில் பிறந்து, கோயிலையே வேண்டாம் என்ற இயக்கத்துக்கு வந்தவர், அதிகாரம் கைக்கு வந்ததும் தனக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்காகப் பேருந்தின் கதவைத் திறந்தார். இந்த வட்டாரத்தில் நாத்திகத்தின் தொடக்கம் விவாத மேடையில் மட்டும் நடக்கவில்லை. பேருந்திலும் கிணற்றடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் நடந்தது.

1924இல் வைக்கத்தில் பெரியார் சிறை சென்றதும் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத்தான். 1929இல் ஈரோட்டு ஈசுவரன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துப் போனவர் குத்தூசி குருசாமி. அவரைப் போல் ஊரறிந்த நாத்திகர் அன்று அதிகம் பேர் இல்லை.

மதுரையில் இரண்டு நிகழ்வுகள்

1939 ஜூலை 8 எல்லோருக்கும் தெரிந்த நாள். மதுரை வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் விருதுநகர் சண்முக நாடாரும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். ஐவரில் ஒருவர் மேலூருக்கு அருகிலுள்ள தும்பைப்பட்டிக் கக்கன். கிராமக் கோயில் பூசாரியின் மகன். நம்பிக்கை இல்லாதவர்கள் அல்ல அவர்கள், நம்பியவர்கள்.

நடந்தது என்ன? கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்கள் பலர் பூசை செய்ய மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சனாதனிகள் சொன்னார்கள். தங்களுக்கென்று தனியே ஒரு வழிபாட்டை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆக, மீனாட்சியைக் கைவிட்டு முதலில் வெளியேறியவர்கள் நாத்திகர்கள் அல்ல. உள்ளே போனவர்களைச் சட்டத்தால் காப்பாற்ற இராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும், செப்டம்பரில் முழுச் சட்டமும் கொண்டுவர வேண்டியிருந்தது. நம்பிக்கையோடு போனாலும் சட்டம் துணைக்கு வந்தால்தான் நமக்கு சாமி தெரியும் என்பது அன்றே உறுதியாயிற்று.

இரண்டாவது நிகழ்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1946 பிப்ரவரியில் காந்தி மீனாட்சி கோயிலுக்கு வந்தார். தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கும் வரை நுழைய மாட்டேன் என்றிருந்தவர், திறந்த பிறகு வந்தார். நகரமே கொண்டாடியது. அதே ஆண்டு மே 11, 12 தேதிகளில் வைகை ஆற்று மணலில் கருஞ்சட்டைப் படை மாநாடு கூடியது. இரண்டாம் நாள் மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்கள். கருப்புச் சட்டை போட்டவர்கள் நகரத் தெருக்களில் தாக்கப்பட்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தாழ்த்தப்பட்டவர் கும்பிட வந்தால் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மதுரை ஏழு ஆண்டுகளில் பழகியிருந்தது. கும்பிட மாட்டேன் என்பவருக்கு ஆற்று மணலில் இரண்டு நாள் இடம் கொடுக்கப் பழகவில்லை. உள்ளே போகும் உரிமை கிடைத்தால் வெளியே வரும் உரிமை தானாகக் கிடைத்துவிடாது. அதற்குத் தனியாகப் போராட வேண்டும்.

அம்பேத்கர் வெளியே வந்த வழி

மாணவத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: அம்பேத்கரே கோயிலை விட்டுவிடச் சொன்னாரே? சொன்னார். எப்போது சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். 1930இல் நாசிக் காலாராம் கோயில் போராட்டம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான மகர் மக்கள் அடி வாங்கினார்கள். ஐந்து ஆண்டுகளாகியும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். அதற்கு முன்பே 1933இல், தீண்டாமையைக் குற்றமென்று சொல்லாமல் கோயில் நுழைவை மட்டும் பேசிய மசோதாவை ஆதரிக்க மறுத்திருந்தார். கோயில் நுழைவே நம் விடுதலை என்று நினைத்துவிடக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. கதவைத் தட்டவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தட்டிப் பார்த்து, அந்த வீட்டின் இலட்சணத்தை உலகுக்குக் காட்டிவிட்டு வெளியேறினார்.

பெரியாரின் கடைசிக் கோரிக்கையும் இதே தடத்தில்தான் வருகிறது. கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர், 90 வயதில் 1970 ஜனவரி 26 அன்று கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று அறிவித்தார். கலைஞர் அரசு சட்டம் கொண்டுவருவதாக உறுதியளித்த பிறகே அதை நிறுத்திவைத்தார். பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்த சட்டம் 1971இல் வந்தது. கருவறைக்குள் போய் அவர் எதைக் கும்பிடப் போகிறார்? எதையும் இல்லை. ஒரு சாதியில் பிறந்தவர் மட்டுமே தொடலாம் என்ற கல் இருக்கும்வரை, தொட முடியாதவர் எல்லோருடைய இழிவும் அந்தக் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு முடிய எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் மதுரைக்காரர்கள் அறிவோம். 2006 அரசாணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கில் முன்னின்றது மதுரைச் சிவாச்சாரியார்களின் சங்கம். 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்த பிறகு, 2018இல் தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில்தான் பயிற்சி பெற்ற பார்ப்பனரல்லாத அர்ச்சகர் ஒருவர் பணியில் சேர முடிந்தது.

உத்தபுரம் சொன்ன பாடம்

உத்தபுரம் மதுரை மாவட்டத்தில் எழுமலைக்குப் பக்கத்து ஊர். 1989 கலவரத்துக்குப் பின் தலித் குடியிருப்பைப் பிரித்து ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பப்பட்டது. 2008இல் அதன் மேல் மின்கம்பி ஓடுவது வெளியே தெரிந்து நாடே பேசியது. மே 6 அன்று அரசு சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. அதைப் பொறுக்காமல் சாதி இந்துக்கள் ஊரைக் காலி செய்து மலையடிவாரத்துக்குப் போனார்கள். முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2011 நவம்பர் 10 அன்று, போலீஸ் காவலோடு.

அந்தப் போராட்டத்தை முன்னெடுத்தது தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும். அவர்கள் கோயிலுக்குள் போகப் போராடியது கோயிலில் உட்காருவதற்காக அல்ல. பாதை, பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடை, அரச மரத்தடி, கோயில் ஆகிய நான்கும் அந்த ஊரில் ஒரே பிரச்சினை. நான்கில் ஒன்றை மட்டும் "எங்களுக்கு நம்பிக்கையில்லை" என்று விட்டுக்கொடுத்தால் மற்ற மூன்றும் கைவிட்டுப் போகும்.

அம்மாவின் சாமி

இனி நம் வீட்டுக்குள். நம்மில் பலருக்கு ஊர் எதிர்ப்பைவிடக் கடினமானது அம்மாவின் அழுகை. பிள்ளை திருநீறு வைக்க மாட்டேன் என்றால் அவருக்கு வருவது தத்துவக் கோபம் அல்ல, பயம். சாமி குத்தம் ஆகிவிடும், பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடும் என்ற பயம். ஆஸ்பத்திரியும் காசும் கைக்கெட்டாத தலைமுறைகளுக்குத் துணையாக நின்றது அந்தச் சாமிதான்.

நம் சாமிகள் யார் என்றும் பாருங்கள். மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரன் நிற்கிறான். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், திருமலை நாயக்கர் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று கதைப்பாடல் சொல்கிறது. பெரிய கோயிலின் வாசலில், உள்ளே போகாமல், கொல்லப்பட்ட ஒருவன் சாமியாக நிற்கிறான். இந்த வட்டாரத்துச் சிறுதெய்வங்களில் பல இப்படிக் கொல்லப்பட்டவர்களின் நினைவு. நாங்கள் அங்கே விழுந்து கும்பிடுவதில்லை. ஆனால் அம்மாவோடு போவோம். அவன் ஏன் கொல்லப்பட்டான் என்று கூட வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வோம். கேலி பேசி அம்மாவைத் தோற்கடிப்பதில் எந்தப் பகுத்தறிவும் இல்லை. நம் நாத்திகம் முதலில் சண்டை போட வேண்டியது அவர் பயத்தோடு அல்ல, அந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களோடு.

காகிதத்தில் நாம் யார்?

கடைசியாக அரசாங்கம். அங்கேதான் தலித் நாத்திகருக்குப் பெரிய சிக்கல். அயோத்திதாசப் பண்டிதர் நூறாண்டுகளுக்கு முன்பே நம்மை இந்துக்கள் என்று கணக்கெழுதாதீர்கள் என்று வாதாடினார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

திருமணத்தை எடுத்துக்கொள்வோம். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, முன்பு நடந்தவையும் சேர்த்துச் செல்லுபடியாயின. மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும். ஆனால் அந்தப் பிரிவு இருப்பது இந்துத் திருமணச் சட்டத்துக்குள். முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதவர் எல்லோரையும் அந்தச் சட்டம் தன் வலைக்குள் வைத்திருக்கிறது. கடவுளை மறுத்து மணந்தவரும் அதன்படி இந்துதான்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. நாத்திகர்? ஆணையின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். இந்து, சீக்கிய, பௌத்த மதங்கள் அல்லாத வேறொரு மதத்தைத் தன் மதமாக வெளிப்படுத்துபவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்கிறது. நாத்திகர் வேறு மதம் எதையும் வெளிப்படுத்தவில்லை. மதம் மாறியவர் வேறு, மதம் விட்டவர் வேறு. எங்கள் வாசிப்பில் அந்தப் பத்தி மதமற்றவரைத் தள்ளவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'மதம்' என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று நம் மாணவர் கை நடுங்குகிறது. உதவித்தொகை போய்விடுமோ, விடுதி இடம் போய்விடுமோ என்ற பயத்தில் 'இந்து' என்று எழுதிவிட்டு வருகிறார். ஊர்க் கோயிலில் இந்துவாக ஏற்கப்படாதவர் தாலுகா அலுவலகத்தில் இந்து ஆகிறார்.

2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 'சாதி இல்லை, மதம் இல்லை' என்ற சான்றிதழைப் போராடிப் பெற்றார். அவர் உறுதியை மதிக்கிறோம். ஆனால் நம் தேவை அதுவல்ல. சாதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் நம் இட ஒதுக்கீடு போகும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் போகும். நம்மைச் சேரியில் வைத்த ஊர் மட்டும் அப்படியே இருக்கும். சாதியை எழுதுவது நமக்குப் பெருமை அல்ல, நமக்கு இழைக்கப்பட்டதன் பதிவு. மதத்தை எழுத மறுப்பது நம் மனச்சான்றின் உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தைத்தான் முதலில் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பதுதான் அநீதி.

2011 கணக்கெடுப்பில் தம்மை நாத்திகர் என்று சொன்னவர்கள் இந்தியா முழுவதும் சுமார் 33,000 பேர். பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் 1,300 பேர்கூட இல்லை. இத்தனை கருஞ்சட்டைகளைப் பார்த்த நாம் இந்த எண்ணை நம்புவதா? கணக்கெடுப்பில் இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்குள்தான் பட்டியல் சாதியினர் எண்ணப்படுகிறார்கள் என்பது தெரிந்தால் நம் மக்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது புரியும்.

அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போவதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. ஆகவே இது நம் கோரிக்கையை முன்வைக்கும் நேரம்: பட்டியல் சாதிக்கு மத நிபந்தனை கூடாது, மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டும், மதமற்றவர் என்று எழுதும் தலித்தின் சாதிச் சான்றிதழைத் தொடக் கூடாது. தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் இதே பத்திக்கு எதிராகப் பல ஆண்டுகளாக நிற்கிறார்கள். நாம் அவர்கள் பக்கத்தில் போய் நிற்போம். மாணவர் மன்றங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு, பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு அனுப்புங்கள். அதுவரை, உதவித்தொகைக்காக 'இந்து' என்று எழுதிய எந்தத் தம்பியையும் தங்கையையும் கொள்கையில்லாதவர் என்று பேசாதீர்கள். அவர்கள் கொள்கையை விற்கவில்லை. படிக்கப் போகிறார்கள்.